சட்டை மாற்றும் கிருமியும் தாம்பாளத்துக் காலும்

குணா,

நலமா என்று கேட்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து, உன் அம்மா வைத்த ஆட்டுக்கறியைச் சட்டியின் அடி தெரியும்வரை தின்றுவிட்டுப் போனாய். உனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கும் இல்லை, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அதுவே சாட்சி. உன் அப்பன் தன் கையால் எழுதும் முதல் கடிதம் இது. சனிக்கிழமை வகுப்பில் இதுவரை எழுதியதெல்லாம் 'மாடு பால் தரும்', 'நேற்று மழை பெய்தது' போன்றவைதான். மாடு பால் தரும் என்பது எனக்குத் தெரியாதா? எழுதத்தான் தெரியாது. இப்போது தெரியும். ஒரு வரி எழுதிவிட்டுத் தலையைத் தூக்கி வெளியே பார்க்கிறேன். திரும்பிப் பார்த்தால் அந்த வரி அங்கேயே இருக்கிறது, ஓடிப்போகவில்லை. இந்தச் சந்தோஷம் உனக்குப் புரியாது. நீ சின்ன வயதிலேயே படித்துத் தொலைத்துவிட்டாய், பாவம்.

நேரில் பேசலாமே என்பாய். உன்னிடம் பேச முடியுமா? நான் பாதி சொல்வதற்குள் உன் கைப்பேசி கத்தும், நீ "ஒரு நிமிசம் பா" என்று வாசலுக்குப் போவாய், திரும்பி வரும்போது என்ன பேசினோம் என்பது உனக்கு மறந்திருக்கும். எழுத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாக வேண்டும்.

இன்னொன்று. இது உறையில் போட்டு ஒட்டுகிற கடிதம் இல்லை. எங்கள் முதியோர் வகுப்புக்கு ஆசிரியை அம்மா ஆண்டு மலர் ஒன்று போடுகிறார். ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னார். மற்றவர்கள் சுற்றுலா போனதையும் பேரப்பிள்ளையையும் எழுதுகிறார்கள். நான் என் மகனுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னேன். "எல்லாரும் படிப்பாங்களே ஐயா, பரவாயில்லையா?" என்றார். "படிக்கட்டும்மா. இத்தனை நாள் காது வழியாப் படிச்சாங்க, இனிமே கண்ணு வழியாப் படிக்கட்டும்" என்றேன். மலர் உன் கல்யாணம் முடிந்த பிறகுதான் வரும். உனக்கு இந்தப் பிரதி முன்கூட்டியே வருகிறது. ஏன் என்பதைப் போகப் போகப் புரிந்துகொள்வாய், உனக்கு மூளை இல்லாமல் இல்லை.

தெரியாமல் படிக்கிறவர்களுக்காக முதலிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. கிருமி உண்டு. நீ இடைநிலைப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து உண்டு. உன் அம்மாவுக்கு இல்லை. உனக்கும் இல்லை. எப்படி வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், அதோடு சரி. கேட்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி ஒரு முறுக்கு. கடித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். தினமும் காலையில் பசியாறியதும் ஒரு மாத்திரை போடுகிறேன். ரத்தத்தில் கிருமியைத் தேடினால் அகப்படுவதில்லை. என் வியாதியின் முழுக்கதையும் இதுதான். எதிர்வீட்டுக்காரர் காலையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் இதைவிடப் பெரிய வியாதி.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பெண் வீட்டார், அதாவது தர்ஷினியின் அப்பா அம்மா, ஜொகூர் பாருவிலிருந்து வீடு பார்க்க வந்த அன்று நீ என் மாத்திரை பாட்டிலை எடுத்து அரிசி கொட்டி வைக்கிற தோம்புக்குள் புதைத்துவைத்தாய். கல்யாணம் ஆகப் போகிறவனே, ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். சமைக்கிற வீட்டில் எந்தப் பொருளையும் ஒளிக்க முடியாது. உன் அம்மா அரிசி அளக்கக் கையை விட்டாள், பாட்டில் வந்தது. அவள் அதை என்ன செய்வாள்? கொண்டுவந்து மேசையில், பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது எப்போதும் இருக்கிற இடம் அதுதானே. உன் முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி ஆனது. உன் வருங்கால மாமனார் பாட்டிலைப் பார்த்தார்.

"என்ன மாத்திரை சம்பந்தி?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ குதித்தாய். "பிரஷர் மாத்திரை மாமா. அப்பாவுக்குக் கொஞ்சம் பிரஷர்."

அந்த மனிதர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். "அலமாக், ஒண்ணே ஒண்ணுதானா? இங்க பாருங்க சம்பந்தி" என்று தன் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். "இது சீனிக்கு. இது கொழுப்புக்கு. இது பிரஷருக்கு. இது, இந்த மூணும் வயித்தைக் கெடுக்காம இருக்கறதுக்கு." பக்கத்திலிருந்த சம்பந்தியம்மா எடுத்துக்கொடுத்தார்: "ஆறு ஏழு இருக்க வேண்டிய சீனி ஒருதரம் பதினெட்டுக்குப் போயிருச்சுங்க. டாக்டரே பயந்துட்டாரு." மகள் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வது போலச் சொன்னார்! சீனி வியாதி என்றால் நம் ஆட்களுக்குப் பத்துப் பவுன் சங்கிலி. கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார்கள். என் வியாதி மட்டும் அரிசிக்குள் புதைக்கிற வியாதி. இந்த வித்தியாசத்தை எந்தக் கிருமியும் உண்டாக்கவில்லை, குணா. உன்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியது.

அவர்கள் கார் போன பிறகு நீ என்னைத் தனியாக உட்காரவைத்தாய். கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாய். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார், நீ விளக்கினாய். ஆன்டிபாடி என்று ஓர் ஊசி. உடம்பே கிருமியை எதிர்த்துச் செய்கிற பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து ஏற்றுகிறார்கள். தினமும் மாத்திரை வேண்டியதில்லை, சில மாதத்துக்கு ஒரு தடவை போதும். இங்கே ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள்.

"இது கிடைச்சிட்டா பாட்டிலே வீட்டுல இருக்காது பா. யாருகிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். கல்யாணத்துல பாத பூஜைக்கு நீங்களும் அம்மாவும் நிம்மதியா உக்காரலாம்."

"இப்ப மட்டும் நிம்மதிக்கு என்ன கேடு?"

"தர்ஷினி உங்க கால்ல தண்ணி ஊத்திக் கழுவணும் பா, தொடணும். நாளைக்கு விஷயம் தெரிஞ்சா, தெரியாம தொட வச்சிட்டாங்கனு சொல்லுவாங்க."

"ஊசி கிடைக்கலனா?"

நீ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "சித்தப்பா இருக்காரு இல்ல."

அந்த ஒரு வாக்கியத்துக்கு உன்னை அங்கேயே அறைந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த ஊசியைப் பற்றி ஆவல் வந்துவிட்டது, அதுதான் உண்மை. மாத்திரை இல்லாமல் இருக்கலாம் என்றால் எனக்கு மட்டும் கசக்குமா? சரி என்றேன். ஆராய்ச்சி நடக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை கிருமியை அமுக்கி வைத்திருப்பதால் ரத்தத்தில் ஓடுகிற கிருமி இல்லை. அணுக்களுக்குள் ஒளிந்து தூங்குவதைத் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும், நாளாகும் என்றார்கள். நாளானது. மறுபடி போனோம்.

அந்த டாக்டர் அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது. உன்னைவிட வயது குறைவாக இருக்கும். என்னிடம் பேசும்போது என்னைப் பார்த்துப் பேசினார், உன்னைப் பார்த்து அல்ல.

"அங்கிள், உங்க உடம்புல உள்ள கிருமியை இந்த மருந்து பிடிக்காது" என்றார்.

"ஏம்மா, அதுக்கு என்ன கோபம்?"

சிரித்தார். "கோபம் இல்ல அங்கிள். அந்தக் கிருமி மேல சீனி மாதிரி ஒரு பூச்சு இருக்கு, சட்டை போட்ட மாதிரி. இந்த ஆன்டிபாடி அந்தச் சட்டையில ஒரு குறிப்பிட்ட இடத்துல இருக்கற சீனியைக் கவ்விப் பிடிக்கணும். நம்ம பக்கம் அதிகமா இருக்கற ரகத்துல அந்த இடத்துல சீனி இல்ல, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. உங்களுதும் அதேதான். கவ்வ இடம் இல்ல."

"அப்ப என் கிருமிக்கும் சீனிப் பிரச்சனை. சம்பந்திகிட்ட தாராளமா சொல்லலாம்" என்றேன். டாக்டர் அம்மாவுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியது, நீ கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தாய்.

"வேற ஆன்டிபாடி இல்லையா டாக்டர்?" என்று கேட்டாய்.

"இருக்கு. வேற இடத்தைப் பிடிக்கறது இருக்கு. ஆனா ஒண்ணே ஒண்ணைக் குடுத்தா, அது பிடிக்க முடியாத நாலு கிருமி எங்கயாவது இருக்கும், அது தப்பிச்சுப் பெருகிடும். அதனால ரெண்டு மூணு சேர்த்துதான் குடுக்கணும். இந்த ஆராய்ச்சியில ரெண்டு வகை சேர்த்துக் குடுக்கறாங்க. ஒண்ணு அங்கிளோட கிருமியைப் பிடிக்கவே இல்ல, இன்னொண்ணு அரைகுறை. இதை நம்பி மாத்திரையை நிறுத்தினா தூங்கறது எழுந்துக்கும். இப்போதைக்கு வேணாம்."

நான் கேட்டேன்: "அப்ப இந்த மாத்திரை மட்டும் எப்படிம்மா எல்லா ரகத்துக்கும் வேலை செய்யுது?"

"இந்த மாத்திரை சட்டையைப் பிடிக்கறது இல்ல அங்கிள். கிருமி உள்ள போய்த் தன்னைப் போலவே நகல் எடுக்குது பாருங்க, அந்த வேலையையே நிறுத்துது. சட்டை எந்த மாதிரி இருந்தாலும் அதுக்குக் கவலை இல்ல. நீங்க ஒழுங்கா போடறீங்க, நல்லா இருக்கீங்க. அப்படியே போங்க."

நகல் என்றதும் எனக்குக் குஷி வந்துவிட்டது. இன்னும் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். இந்தக் கிருமி ஒவ்வொரு முறையும் தன்னை நகல் எடுக்கும்போது தப்பும் தவறுமாக எடுக்குமாம். எடுத்ததைச் சரிபார்க்கவும் செய்யாதாம். அதனால்தான் ஒரு தேசத்தில் ஒரு ரகம், இன்னொரு தேசத்தில் இன்னொரு ரகம், இரண்டும் கலந்து மூன்றாவது ரகம். ஏன், ஒரே ஆளின் உடம்புக்குள்ளேயே பல சட்டை. எனக்கு அந்தக் கிருமியின் மேல் இருந்த கடைசி மரியாதையும் அன்றுதான் போனது. இத்தனை ஆண்டுகளாக அது ஏதோ பெரிய தந்திரசாலி என்று நினைத்திருந்தேன். பார்த்தால், பார்த்து எழுதக்கூடத் தெரியாத முட்டாள்! என் ஆசிரியை அம்மாவிடம் ஒரு சனிக்கிழமை வந்து உட்காரட்டும். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதத் தெரியாதவனை அவர் எழுப்பி நிற்கவைப்பார். நான் இந்த வயதில் ஒரு பக்கத்தை ஒரு பிழை இல்லாமல் பார்த்து எழுதுகிறேன். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முட்டாள் தன் தப்பாலேயே பிழைக்கிறது. சரியாக எழுதினால் பிடிபட்டுவிடும். தப்பாக எழுதுவதால் ஏதாவது ஒன்று தப்பிக்கிறது. உலகத்தில் இப்படி வாழ்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நம் குடும்பத்திலேயே ஒருவன் உண்டு, அவனிடம் பிறகு வருகிறேன்.

திரும்பும் வழியில், ஸ்கூடாய் நெடுஞ்சாலை நெரிசலில், நீ வாயைத் திறந்தாய். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அப்ப உங்களுக்கு வந்தது மட்டமான ரகமா பா?" காரில் இருந்ததால் தப்பித்தாய். கிருமியில் என்னடா உயர்ந்த ரகம், மட்ட ரகம்? ஓ, சிங்கப்பூரில் கிடைத்திருந்தால் உயர்ந்த ரகம், நம் ஊர் பெக்கான் நானாஸில் கிடைத்தால் மட்டம், அப்படித்தானே? தினமும் விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய் அடுத்தவன் ஊர் ஏர்கண்டிஷனைத் துடைக்கிறாய். அந்தக் காற்று உன் மூளைக்குள்ளும் போய்விட்டது. இது நம் பக்கத்து ரகம். அந்த மருந்து அதைப் பிடிக்கவில்லை என்றால், அந்த மருந்து நம் பக்கத்து ரகத்துக்கு அளவெடுத்துச் செய்தது இல்லை. அவ்வளவுதான்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அன்னாசி டின் ஆலையில் நான் நின்ற இயந்திரம் பழத்தின் நடுத்தண்டைத் துளைத்து எடுக்கும். தோட்டத்தில் அன்னாசிக்கு விதை போடுவதில்லை. தாய்ச்செடியின் கன்றைப் பிடுங்கி நடுவோம். அதனால் பழமெல்லாம் ஒரே அச்சு, இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு துளைக்கும். ஒருமுறை வேறு தோட்டத்துப் பழம் வந்தது, வேறு ரகம், கழுத்துப் பக்கம் குறுகலாக, கோணலாக. குழாய் தண்டை விட்டுவிட்டுச் சதையைத் துளைத்தது. பெரிய துரை வந்து பழத்தைத் திட்டினார். அவருக்கும் உனக்கும் ஒரே புத்தி. பழம் நல்ல பழம், தேன் போல இருந்தது. நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டோம். இயந்திரமும் நல்ல இயந்திரம்தான். அளவுதான் வேறு. நாளைக்கே நம் ரகத்துக்கும் சேர்த்து அளவெடுத்து ஒரு மருந்து செய்வார்கள். டாக்டர் அம்மா அந்த நம்பிக்கையோடுதான் பேசினார். அது வந்தால் போட்டுக்கொள்வேன். எனக்காகப் போட்டுக்கொள்வேன், உன் மாமனார் கண்ணில் பாட்டில் படக்கூடாது என்பதற்காக அல்ல.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் ஆரம்பித்தாய். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண் மங்கல், காது மங்கல் இல்லை.

"சித்தப்பாவும் சித்தியும் உக்காந்தா என்னமா? அவங்களும் பெரியவங்கதானே. அப்பாவுக்கு முட்டி வலினு சொல்லிக்கலாம்."

"சரி, அப்பாவுக்கு முட்டி வலி. எனக்கு என்னடா வலி?"

"இல்லமா, உங்களுக்கு..."

"சொல்லு லா. அவரை எழுப்பிவிட்டுட்டு நான் மட்டும் கொழுந்தன் பக்கத்துல பலகை போட்டு உக்காரணுமா? எந்த ஐயர் அதுக்கு மந்திரம் வச்சிருக்காரு, கேட்டுட்டு வா."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலமா. நீங்களும் கொஞ்சம் தள்ளி..."

"தள்ளி எங்கடா? கார் நிறுத்தற இடத்துலயா? நீ பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில கத்துனது நானு. உங்க சித்தி அப்ப கேண்டீன்ல மீகோரிங் தின்னுக்கிட்டு இருந்தா. இப்ப அவ கால்ல நீ தண்ணி ஊத்துவியா? ஊத்து, ஊத்து. அப்படியே அந்த மீகோரிங் தட்டையும் கழுவிக் குடு."

குணா, அந்த நேரத்தில் நான் உலகத்திலேயே பணக்காரனாக இருந்தேன். என் கிருமி பற்றித் தெரிந்த அன்றும் இந்தப் பொம்பளை இதே குரலில்தான் பேசினாள். "மாத்திரை இருக்காமே, போட்டுக்க. சோறு ஆறுது, வா." அவ்வளவுதான் அவள் சொன்னது. உன் படிப்பு, உன் காணொளி, உன் சிங்கப்பூர் காசு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

இனி அந்த ஒருவன். உன் சித்தப்பா, என் உடன்பிறந்த தம்பி. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய், டாக்டர் சொன்ன மலாயை எனக்குத் தமிழில் சொன்னவன் அவன்தான். எனக்குச் சொல்வதற்கு முன்பு அவனுக்கு வேர்த்தது. எனக்குச் சொன்ன பிறகு பாதி ஊருக்குச் சொன்னான். அப்போது வேர்க்கவில்லை. நீ அம்மாவிடம் கேட்ட மறுநாளே அவன் வந்து வாசலில் சப்பாத்தோடு உட்கார்ந்துவிட்டான், கையில் புது வேட்டி, கரையில் சரிகை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். நீ அவனிடம் முன்பே பேசியிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணே, ஒரு நாள் கூத்துதானே. பையன் நல்லதுக்கு விட்டுக் குடுங்க. சபையில நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"அந்த நாலு பேருக்கும் சொன்னது நீதானேடா?"

"பழசெல்லாம் எதுக்கு அண்ணே? பொண்ணு தொட்டுக் கழுவணும். பயப்படும் லா."

"எதுக்குப் பயப்படணும்? கிருமி என் கால்லயா இருக்கு? தொட்டா வராது, கழுவினா வராது. டாக்டரே சொன்னாங்க. சரி, நீ உக்காரப் போறியே, உன் காலைக் காட்டு."

"என்ன அண்ணே?"

"சப்பாத்தைக் கழட்டு."

கழற்ற மாட்டான். எனக்குத் தெரியும். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கழட்டுங்களேன் கொழுந்தனாரே, நானும் பார்க்கறேன்" என்றாள். அவன் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், எத்தனையோ காலமாக. மருந்து போடச் சொன்னால் போட மாட்டான், சப்பாத்துக்குள் வைத்து மூடிக்கொண்டே திரிவான். "டேய், என் கிருமி ஜென்மத்துக்கும் அந்தப் பொண்ணு விரல்ல ஒட்டாது. உன் கால்ல இருக்கறது தாம்பாளத்துத் தண்ணி தொட்ட உடனே ஒட்டும். சபையில யாரு உக்காரணும், நீயே சொல்லு" என்றேன். வேட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீ அன்று வீட்டில் இல்லாமல் போனாயே என்று உன் அம்மா இன்னும் வருந்துகிறாள். இரண்டு நாள் அவள் தனியாகவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவனை எனக்குப் பதிலாக உட்காரவைக்க நீ நினைத்தது இது முதல் தடவை இல்லை. ஆரம்பப் பள்ளியில் பெற்றோர் வந்து ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட வேண்டிய நாள். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி நின்றேன். நீ வாசற்படியில் நின்று சொன்னாய்: "அப்பா, நீங்க வேணாம். சித்தப்பா வரட்டும். நீங்க கட்டைவிரல் வைப்பீங்க, மை ஒட்டும், பசங்க சிரிப்பாங்க." நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவன் போனான், வாலும் கொம்பும் வைத்துப் பெரிதாய் ஒரு கையெழுத்துப் போட்டான். விட்டுக்கொடுத்தது நல்ல மனசு என்று அன்று நினைத்துக்கொண்டேன். மண்ணாங்கட்டி. ஓர் இடத்தில் எழுந்துகொண்டவனை எல்லா இடத்திலும் எழச் சொல்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கைநாட்டு, இன்றைக்குக் கிருமி. உனக்கு என்னைப் பற்றி வெட்கப்பட எப்போதும் ஒன்று வேண்டும், பெயர்தான் மாறுகிறது. கிருமி சட்டை மாற்றுவது போல உன் வெட்கமும் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நான் உள்ளே இருக்கிறதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே, கேள். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் தர்ஷினியிடம் போ. தனியாகப் போ. பிரஷர் என்று சொன்னது பொய் என்று சொல். எனக்கு இருப்பது என்ன, அது யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைச் சொல். உனக்குச் சொல்லத் தெரியாவிட்டால் டாக்டர் அம்மாவிடம் கூட்டிப் போ, பேசத் தயார் என்றிருக்கிறார். பிறகு அவளுடைய அப்பா அம்மாவிடம் நீங்கள் இருவரும் சொல்லுங்கள். நானும் வருகிறேன், அவர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் என் பாட்டிலையும் வைத்துக்கொண்டு பேசுவோம். அவர்கள் கல்யாணத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுவாய். எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணை நீ பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கறியைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. நிறுத்தினால் உனக்கு வலிக்கும், உன் வலி எனக்குச் சிரிப்பு இல்லை. ஆனால் என்னை ஒளித்து வைத்துத்தான் உன் வீடு நிற்கும் என்றால், அந்த வீட்டில் சமைக்கிறவள் ஒரு நாள் தோம்புக்குள் கை விடுவாள். அன்று அவள் கையில் வருவது நான் இல்லை, உன் பொய். அதற்கு எந்த மருந்தும் கிடையாது.

விஷயம் தெரிந்து, யோசித்து, அவள் தொட மாட்டேன் என்றால் தொட வேண்டாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவள் நேற்று வந்த பெண், பயப்பட அவளுக்கு உரிமை உண்டு. உனக்கு அந்த உரிமை இல்லை. என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியவன் நீ. உன் கை போதும்.

கல்யாணத்தன்று உன் அம்மாவும் நானும் பலகையில் உட்காருவோம். பசியாறியிருப்பேன், மாத்திரையை அங்கேயே, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொள்வேன். யாராவது கேட்டால் இன்ன மாத்திரை என்று சொல்வேன். என் காலைத் தாம்பாளத்தில் வைப்பேன். அன்னாசி முள் கிழித்த பழைய கால், குதிகால் வெடிப்புக்கூட இன்னும் ஆறவில்லை, அழகாக இருக்காது. வைத்த காலை எடுக்க மாட்டேன். சித்தப்பா முன்வரிசையில் உட்காரட்டும், சப்பாத்தோடு.

செம்பு உன் கையில் இருக்கும். பச்சைத் தண்ணீர் வேண்டாம், உன் அம்மாவுக்குக் கால் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் வெதுவெதுப்பாகக் கொண்டு வா.

அப்பா